டிரெய்லருக்கு மாற்று வீல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் ஒற்றை அச்சு டிரெய்லருக்கு மாற்று வீல் தேடுவோர் பலர், பழைய டயரில் உள்ள 13 அல்லது 15 அங்குலம் என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு கடைக்குச் சென்றுவிடுகிறார்கள். அந்த எண் ரிம்மின் விட்டத்தைச் சொல்லுமே தவிர, வீல் ஹப்பில் (அச்சின் முனையில் வீலைப் பூட்டும் சுழலும் பகுதி) உட்காருமா என்பதைச் சொல்லாது.

அதைத் தீர்மானிப்பது போல்ட்டுகள் அமைந்துள்ள வட்டத்தின் விட்டமாகும். நான்கு போல்ட் இருந்தால், எதிரெதிரே உள்ள இரண்டின் மையங்களுக்கு இடையே அளந்தால் போதும். ஐந்து போல்ட் உள்ள ஹப்பில் ஒன்றுக்கு நேரெதிரே மற்றொன்று இல்லாததால், குத்துமதிப்பாக அளந்து, 4.5 அங்குல வட்டத்துக்கு 4.75 அங்குல வீலை வாங்கிவந்துவிட நேர்கிறது. அடுத்தடுத்த இரு போல்ட்டுகளின் மையங்களுக்கு இடையே அளப்பதே நம்பகமான வழி: 67 மி.மீ.க்குச் சற்று மேல் வந்தால் 4.5 அங்குலம், ஏறக்குறைய 71 மி.மீ. வந்தால் 4.75. இவ்வளவு சிறிய வேறுபாடுதானே என்று நட்டை முடுக்கியே வீலை இழுத்து உட்காரவைக்க எவரும் முயலக் கூடாது. கூம்பு வடிவ நட் துளையில் முழுமையாகப் படியாமல் ஒரு பக்கமாக அழுத்தும், ஓட்டத்தில் தளரும், போல்ட்டே முறியவும் கூடும்.

போல்ட் வட்டம் பொருந்தினாலும், பழைய காரின் வீலை எடுத்து மாட்டுவது சரியாக வரும் என்று சொல்ல முடியாது. கார் வீல்கள் பலவற்றில் ரிம் உட்பக்கமாகத் தள்ளியிருப்பதால், டயர் ஸ்பிரிங்கிலோ சட்டத்திலோ உரசலாம். நடுத்துளை சிறிதாக இருந்தால் பேரிங் மூடி அதன் வழியே வராது.

சுமைத் திறனில் காட்டும் அலட்சியம்தான் என் பார்வையில் மிக ஆபத்தானது. டிரெய்லருக்கென்றே செய்யப்படும் 175/80 அளவு 13 அங்குல டயரில் ‘பி’ என்ற சுமை வகை 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் சுமார் 499 கிலோவும், ‘சி’ வகை 50 பி.எஸ்.ஐ.யில் சுமார் 617 கிலோவும் தாங்கும். ‘சி’ டயர் வாங்கியதாலேயே திறன் கூடிவிடாது. ரிம்முக்கும் தனி வரம்பு உண்டு, இரண்டில் குறைந்ததே செல்லும்.

சரியான வீலைப் பூட்டிய பிறகும், முதல் 15, 40, 80 கிலோமீட்டர் அளவில் நிறுத்தி, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். உதிரி வீலையும் வாங்கிய அன்றே ஒருமுறை ஹப்பில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.