‘வேகமாக இருக்கணும்’ என்பதைச் சோதிக்கக்கூடிய வரியாக்குவது எப்படி?

முன்பதிவுத் தளம் ஒன்றுக்குத் தேவைப் பட்டியல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘தேதியைத் தேர்ந்தெடுத்தால் காலியிடங்கள் தெரிய வேண்டும்’ என்பது செயல்சார் தேவை. ஒருமுறை சொடுக்கிப் பார்த்தாலே ஆயிற்றா இல்லையா என்று தெரிந்துவிடும். அது எத்தனை விநாடியில் தெரிய வேண்டும், எத்தனை பேர் ஒரே நேரத்தில் தேடினால் தாங்க வேண்டும், சர்வர் விழுந்தால் எப்போது எழ வேண்டும் என்பவை செயல்சாராத் தேவைகள். பேச்சில் என்எஃப்ஆர் (நான்-ஃபங்ஷனல் ரெக்வயர்மென்ட் என்பதன் சுருக்கம்). ‘சாராத’ என்ற சொல்லைப் பார்த்து இரண்டாம்பட்சம் என்று நினைக்க வேண்டாம். எந்த டேட்டாபேஸ், எத்தனை சர்வர் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இவைதான். கட்டி முடித்த பிறகு ஒட்டவைப்பது கடினம்.

படி 1: தலைப்புகளைத் தேர்ந்தெடுங்கள்

மென்பொருள் தரத்துக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 25010 என்ற சர்வதேசத் தரநிலையைச் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். 2011 பதிப்பில் 8 தரப் பண்புகள். 2023 பதிப்பில் 9. செயல்திறன், நம்பகத்தன்மை, பாதுகாப்பு, பராமரிப்பு எளிமை போன்றவை அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் வரி எழுத உட்கார்ந்தால் யாரும் படிக்காத ஆவணம்தான் மிஞ்சும். எது கெட்டால் பயனர் போய்விடுவார் அல்லது பணம் போகும் என்று கேட்டு, நான்கைந்தை மட்டும் எடுங்கள்.

படி 2: ஆசையை வரியாக்குங்கள்

கிளையன்ட் ‘தளம் வேகமாக இருக்கணும்’ என்பார். அதை ஆறு கேள்விகளால் உடையுங்கள்: யார் தூண்டுகிறார், என்ன செய்கிறார், எந்தப் பகுதியில், எந்தச் சூழலில், அமைப்பு என்ன செய்ய வேண்டும், எதை வைத்து அளப்பது. அதிகம் விட்டுப்போவது சூழல்தான். ஆளில்லாத நள்ளிரவில் எந்தத் தளமும் வேகமாகத்தான் இருக்கும்.

உடைத்துச் சேர்த்தால் இப்படி வரும்:

“முன்பதிவு திறந்த முதல் 15 நிமிடங்களில், பயனர்களிடமிருந்து விநாடிக்கு 200 தேடல்கள் வரும்போது, தேடல் சேவை 95 சதவீதக் கோரிக்கைகளுக்கு 800 மில்லி விநாடிக்குள்ளும் 99 சதவீதத்துக்கு 2 விநாடிக்குள்ளும் பதில் தர வேண்டும். பிழைகள் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நேரம் சர்வர் பக்கத்தில் அளக்கப்படும்.”

பிழை வரம்பு எதற்கு? திணறும் சர்வர் சில சமயம் பிழைச் செய்தியைச் சட்டென்று திருப்பி அனுப்பிவிடும். அந்த வரம்பு இல்லையென்றால், அதுவும் ‘வேகமான பதில்’ கணக்கில் சேர்ந்து சோதனை தேறிவிடும். அளக்கும் இடத்தையும் எழுதியாக வேண்டும். பிரவுசரில் அளந்தால் பயனரின் இணைய வேகமும் கலந்துவிடும். பிறகு தப்பு யாருடையது என்ற சண்டைதான்.

படி 3: எண்களைச் சரிபாருங்கள்

சராசரியை நம்பாதீர்கள். 100 கோரிக்கைகளில் 95 பேருக்கு 0.2 விநாடி, 5 பேருக்கு 6 விநாடி என்றால் சராசரி 0.49 விநாடி. பார்க்க அழகான எண். ஆனால் 5 பேர் ஏற்கெனவே பக்கத்தை மூடியிருப்பார்கள். அதனால்தான் மேலே 95, 99 சதவீதம் என்று எழுதினோம்.

அடுத்து லிட்டில் விதி: விநாடிக்கு வரும் கோரிக்கைகளை ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால், ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவை எத்தனை என்று கிடைக்கும். 200 × 0.5 விநாடி = 100. டேட்டாபேஸ் இணைப்புகள் 20 மட்டுமே இருந்து, ஒவ்வொரு கோரிக்கையும் அரை விநாடி முழுக்க ஒன்றைப் பிடித்துவைத்தால், விநாடிக்கு 40-க்கு மேல் போகாது. மீதி வரிசையில் நிற்கும். நிரல் எழுதும் முன்பே காகிதத்தில் பிடிபடும் தவறு இது.

படி 4: எவ்வளவு நேரம் விழலாம்?

30 நாளில் 99 சதவீத நேரம் தளம் இயங்க வேண்டும் என்றால் 7 மணி 12 நிமிடம் விழுந்திருக்கலாம். 99.9 என்றால் 43 நிமிடம், 99.99 என்றால் 4 நிமிடம் சொச்சம். நள்ளிரவில் ஒருவரை எழுப்பி லாகின் செய்யச் சொல்வதற்கே அந்த 4 நிமிடம் போய்விடும். ஆகவே தானாக மீளும் ஏற்பாடு இல்லாமல் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். தேடல், பணம் செலுத்துதல், குறுஞ்செய்தி என மூன்றும் ஓடினால்தான் முன்பதிவு முடியும், ஒவ்வொன்றும் தனித்தனியே 99.9 என்றால், மொத்தம் சுமார் 99.7 தான். திட்டமிட்ட பராமரிப்பு இந்தக் கணக்கில் சேருமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

பேக்கப்புக்கு இரண்டு எண்கள் வேண்டும்: எவ்வளவு தரவு போனால் பொறுக்கலாம், எவ்வளவு நேரத்தில் மீள வேண்டும். தினம் ஒருமுறைதான் பேக்கப் என்றால், கிட்டத்தட்ட 24 மணி நேரத் தரவை இழக்க ஒப்புக்கொண்டாயிற்று. 500 ஜிபி தரவை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் நகலெடுக்கவே 83 நிமிடம் ஆகும். ‘30 நிமிடத்தில் மீளும்’ என்ற வரி அங்கேயே பொய்த்துவிடும்.

படி 5: சோதியுங்கள்

ஜேமீட்டர் போன்ற கருவியால் லோடு டெஸ்ட் (போலிப் பயனர்களை வைத்துச் சுமை ஏற்றிப் பார்ப்பது) செய்யும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, கிட்டத்தட்டக் காலியான டேட்டாபேஸில் சோதிப்பது. பத்து லட்சம் பதிவுகள் சேர்ந்த பிறகுதான் இன்டெக்ஸ் (பதிவை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத வினவல் முகத்தைக் காட்டும். மற்றது நுட்பமானது. போலிப் பயனர்கள் ஒவ்வொருவரும் பதில் வந்த பிறகே அடுத்த கோரிக்கையை அனுப்பும்படி அமைத்தால், சர்வர் மெதுவாகும்போது சுமையும் தானாகக் குறைந்துவிடும். நிஜப் பயனர்கள் அப்படிக் காத்திருந்து வருவதில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் விநாடிக்கு 200 அனுப்பும்படி அமையுங்கள்.

வரி தேறவில்லையென்றால் உடனே எண்ணைத் தளர்த்த வேண்டாம். ‘இதற்குக் கீழே போனால் வெளியிட முடியாது’, ‘இது கிடைத்தால் நல்லது’ என்று ஒவ்வொரு தேவைக்கும் இரண்டு எண்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால், எதைச் சரிசெய்த பிறகு வெளியிடலாம், எதை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளலாம் என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.