பாட்டின் கீ தடித்த கம்பியில் இருக்கிறது
பிடித்த பாட்டின் பல்லவி வந்து முடியும் சுரத்தை முனகிக்கொண்டே, கிடாரின் தடித்த கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டு) மீட்டிப் பாருங்கள். ஒத்துப்போகும் இடம்தான் பெரும்பாலும் கீ, அதாவது பாட்டின் ஆதார சுரமான சட்ஜமம். மூன்றாவது ஃப்ரெட் என்றால் ஜி, ஐந்தாவது என்றால் ஏ. மெட்டு கடைசியில் சட்ஜமத்துக்கே திரும்புவதால் இது பலிக்கிறது. ஜி என்றால் ஜி, சி, டி, ஈ மைனர், இந்த நான்கு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) மாற்றி மாற்றிப் போட்டாலே பல பாட்டுகள் ஓடிவிடும். ஆறாவது ஃப்ரெட்டில், அதாவது பி ஃப்ளாட்டில் மாட்டிக்கொண்டால் ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் பார் கார்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்; மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) மாட்டி, ஜி-க்குப் பிடித்த அதே விரல் வடிவங்களைப் பிடியுங்கள். அந்தக் கீயின் மேஜர் கார்டு காதில் இடித்தால் பாட்டு மைனர். அப்போது இந்த நான்கு சரிப்படாது. பல்லவி தொக்கி நிற்கிற பாட்டிலும், நடுவில் கீ மாறுகிற பாட்டிலும் இந்த வித்தை எடுபடாது.