மழைக்கு முன்னாடியே போனை ரெடி பண்ணி வைங்க

வெள்ளம் வந்தப்புறம் ஆப் இறக்கிக்கலாம்னு தயவுசெஞ்சு இருக்காதீங்க. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்னைக்கு சென்னைல கரண்ட் போச்சு, பின்னாடியே பல இடத்துல டவரும் போச்சு, வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நிறைய பேருக்கு ஒரு கால் கூட போகல, அதுல எங்க பிளே ஸ்டோரை திறக்கிறது. அதனால அக்டோபர்ல பருவமழை பிடிக்கிறதுக்குள்ள இதையெல்லாம் முடிச்சிடுங்க.

ஆப் ரெண்டு போதும், பத்து போட்டா ஒண்ணையும் பாக்க மாட்டோம். 2024ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த டிஎன் அலர்ட், தமிழ்லயே மழை எச்சரிக்கை, அணை ஏரி நீர்மட்டம்லாம் வரும். இன்னொன்னு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட சச்சேத். லொகேஷனும் நோட்டிஃபிகேஷனும் அலவ் பண்ணுங்க, இல்லன்னா எச்சரிக்கை வராது.

அப்புறம் கூகுள் மேப்ல உங்க ஏரியாவை ஆஃப்லைன் மேப்பா இறக்கிக்கோங்க. நெட் இல்லாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும். மேப்ல உங்க வீட்டு மேல விரலை அழுத்திப் பிடிச்சா உங்க இடத்தைக் காட்டுற ஒரு நம்பர் ஜோடி வரும், அதை காப்பி பண்ணி வைங்க, வாட்ஸ்அப் போகாதப்போ எஸ்எம்எஸ்ல அனுப்பலாம், கால் போகாத இடத்துல கூட சில நேரம் எஸ்எம்எஸ் போயிடும்.

முக்கியமானது உதவி கேக்குற மெசேஜ். 2015 வெள்ளத்துல பேஸ்புக், ட்விட்டர், வாட்ஸ்அப்னு ஜனங்க தினமும் பழகினதுலதான் உதவி கேட்டாங்க, அது நிறைய பேருக்கு கைகொடுத்துச்சு, ஆனா மீட்டு முடிச்சவங்களோட மெசேஜும் ஃபார்வர்டாகி சுத்திக்கிட்டே இருந்துச்சு, அதை நம்பி போட் போனா நிஜமா மாட்டிக்கிட்டவங்களுக்கு லேட்டாகும். அதனால இப்படி எழுதுங்க: "டிச 4, காலை 7.40. 3 பேர், ஒருத்தர் நடக்க முடியாதவர், முதல் மாடி, தண்ணி இடுப்பளவு", கூடவே முழு அட்ரஸ், லேண்ட்மார்க், போன் நம்பர். தேதியும் நேரமும் இல்லாத எதையும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. வெளியே வந்ததும் "மீட்டாச்சு"ன்னு அதே குரூப்ல போடுங்க.

அவசர உதவிக்கு 112, மாநில கன்ட்ரோல் ரூம் 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913, நாலையும் சேவ் பண்ணுங்க. மழை அன்னைக்கு வீட்ல ஒரு போன் மட்டும் ஆன்ல இருக்கட்டும், மத்ததை ஆஃப் பண்ணி சார்ஜை காப்பாத்துங்க. அம்மா அப்பா போன்லயும் இதையெல்லாம் நீங்களே போட்டுக் குடுத்து, டிஎன் அலர்ட்டை ஒரு தடவை அவங்க கையாலயே திறந்து பாக்கச் சொல்லுங்க.