ஆர்டருக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி உங்க பனியன் யூனிட்டுக்கு அது செட் ஆகுமான்னு பாக்குறது எப்படி

திருப்பூர்ல 20 மெஷின் போட்டு யூனிட் ஆரம்பிச்ச புதுசுல யார் வந்து கேட்டாலும் "பண்ணிரலாம்ங்க"ன்னு சொல்லிருவேன். அப்படித்தான் ஒரு தடவ 12,000 பீஸ் ரவுண்ட் நெக் டீ-ஷர்ட், துணி கைக்கு வந்து 15 நாள்ல தரேன்னு ஒத்துக்கிட்டேன், ஒரு மாசம் இழுத்துருச்சு, அந்த பையர் திரும்பி வரவே இல்ல. தையல் நல்லாத்தான் இருந்துச்சு, கணக்குதான் போடாம விட்டுட்டேன்.

அந்த கணக்க மொதல்ல சொல்லிடறேன். ஒரு பீஸ் தைக்க எல்லா வேலையும் சேத்து 8 நிமிஷம்னு வைங்க, 20 மெஷின், ஒரு ஷிப்ட் 480 நிமிஷம், பெருக்கி வகுத்தா நாளைக்கு 1,200 பீஸ். ஆனா நூல் அறுறது, வெட்டுன துணி பண்டில் வராம உக்காந்துருக்கறது, லீவு எல்லாம் போக எங்களுக்கு பாதிதான் கெடச்சுது, 600. அதோட முடியல, செக்கிங், அயனிங் ரெண்டும் முடிஞ்சு நாளைக்கு 450 பீஸ்தான் வெளிய வந்துச்சு. அப்ப யூனிட்டோட கெபாசிட்டி 450தான், 12,000 பீஸுக்கு 27 நாள் வேணும். மெஷின எண்ணாதீங்க, எங்க பீஸ் குவிஞ்சு கெடக்குதுன்னு பாருங்க, அந்த எடத்தோட நம்பர்தான் உங்க நம்பர். ஒரு வாரம் ஒவ்வொரு செக்‌ஷன்லயும் சாயங்காலம் எத்தன பீஸ் வெளிய போச்சுன்னு நோட்டுல எழுதுனாலே தெரிஞ்சுரும்.

அடுத்தது பையருக்கு நெஜமா என்ன வேணும்னு கேக்கறது. எல்லாரும் மொதல்ல ரேட்டத்தான் பேசுவாங்க, அத வெச்சு முடிவு பண்ணாதீங்க. தேதி தள்ளுனா என்ன ஆகும், கலர் கொஞ்சம் மாறுனா எடுப்பீங்களா, இதே ஸ்டைல் திரும்ப வருமான்னு நேரா கேளுங்க. கடைக்காரர் ஒருத்தருக்கு தீபாவளிக்கு முன்னாடி சரக்கு வந்தா போதும், ஷேடு லேசா மாறுனா கண்டுக்க மாட்டார். யூனிபார்ம் எடுக்கறவங்களுக்கு போன வருஷ கலரே இந்த வருஷமும் வேணும். ரெண்டு பேரும் கேக்கறது டீ-ஷர்ட்தான், ஆனா உங்ககிட்ட எதிர்பாக்கற வேலை வேற வேற.

ஆன்லைன் பிராண்டு பசங்க இப்ப நெறைய வராங்க, 5 கலர், கலருக்கு 60 பீஸ்னு. இங்கதான் டையிங், அதாவது துணிக்கு சாயம் போடறது, இடிக்கும். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணில ஒரு டீ-ஷர்ட்டுக்கு வேஸ்ட்டோட கால் கிலோ பக்கம் போட்டா 60 பீஸுக்கு 15 கிலோதான் வரும், 100 கிலோ புடிக்கற சாய மெஷின்ல அத எவரும் ஏத்த மாட்டாங்க, சின்ன மெஷின்ல போட்டா கிலோ ரேட்டு ஏறிரும். அவங்களுக்கு ரெடியா இருக்கற டை பண்ண துணிலேர்ந்து கலர் எடுக்கச் சொல்லுங்க, இல்ல 2 கலரோட ஆரம்பிக்கச் சொல்லுங்க. ரெண்டுக்கும் ஒத்து வரலைன்னா விட்டுருங்க, அவங்க பணமும் வீணாகக் கூடாதுல்ல.

எக்ஸ்போர்ட்டுக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு தெச்சு குடுக்கறதுன்னா, இன்ஸ்பெக்‌ஷன் என்ன லெவல்னு முன்னாடியே கேட்டுக்கங்க. ஏக்யூஎல்ங்கறது எவ்ளோ டிபெக்ட் வரைக்கும் ஏத்துக்குவாங்கங்கற அளவு, லெவல்ங்கறது எத்தன பீஸ் எடுத்து பாப்பாங்கங்கறது. ஏக்யூஎல் 2.5, ஜெனரல் லெவல் 2ன்னா 12,000 பீஸ்ல 315 பீஸ் எடுத்து பாப்பாங்க, 14 டிபெக்ட் வரைக்கும் பாஸ், 15 வந்தா பெயில். அதுக்கு தகுந்த செக்கிங் ஆள் இல்லாம ஒத்துக்கிட்டா மொத்த சரக்கும் திரும்ப பிரிச்சு பாக்கணும், அந்த கூலி நம்ம தலையிலதான் விழும்.

நாள் எண்ணும்போது ஞாயித்துக்கெழமை, பொங்கல், தீபாவளி எல்லாம் கழிச்சுருங்க, வடக்க இருந்து வந்த ஆளுங்க இருந்தா ஹோலி, சத் பூஜைக்கு ஊருக்கு போய்ட்டு வர நாளையும் சேத்து.

எல்லாம் பாத்தும் ஆர்டர் பெருசா இருந்தா ஒடனே முடியாதுன்னு சொல்ல வேண்டியதில்ல. "15 நாள்ல 5,000 பீஸ், மிச்சம் அடுத்த 18 நாள்ல"ன்னு பிரிச்சு, தேதியோட வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க. அயனிங்க வெளிய குடுத்து சமாளிக்க முடியும்னா அந்த கூலிய ரேட்டுல சேத்தே சொல்லுங்க, அவங்க சரின்னு பதில் போட்டதுக்கப்புறம் துணிய எறக்குங்க.