‘ஃப்ரீ’க்கு அடுத்த சொல் என்ன? மென்பொருளைப் பதிவிறக்கும்முன் பார்க்க வேண்டியவை

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடை, ஒட்டுபால், பால்வெட்டுக் கூலி எல்லாம் கணக்கு எழுத ஒரு மென்பொருள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு அட்டவணையும் போடக்கூடிய அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸ் போதும், எத்தனை வருடம் பயன்படுத்தினாலும் கட்டணம் கிடையாது. அதைத் தேடும்போதுதான் மற்ற விளம்பரங்கள் குறுக்கே வரும்.

முதலில் விளம்பர வாசகத்தைப் படியுங்கள். ‘ஃப்ரீ’க்கு அடுத்த சொல் எதுவோ அது மட்டும்தான் இலவசம். ‘ஃப்ரீ டவுன்லோடு’ என்றால் இறக்கக் காசில்லை. வேலையை முடித்துச் சேமிக்கும்போது பணம் கேட்கலாம். ‘ஃப்ரீ ஸ்கேன்’ என்றால் கோளாறைக் காட்டுவது இலவசம், சரிசெய்யக் கட்டணம். அதில் வரும் நூற்றுக்கணக்கான ‘பிழைகள்’ பல நேரம் இணையதளங்கள் விட்டுச்செல்லும் குக்கீயும் தற்காலிகக் கோப்புகளும்தான், பயப்பட வேண்டாம். ‘ஃப்ரீ ட்ரையல்’ என்றால் கூடுதல் கவனம் தேவை. கார்டு எண்ணோ யூபிஐ ஆட்டோபே அனுமதியோ கேட்டால், கெடு முடிந்ததும் பணம் தானாகப் போகும்.

அடுத்து, தேடல் முடிவில் ‘ஸ்பான்சர்டு’ என்றிருப்பவற்றைத் தாண்டிக் கீழே வாருங்கள். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதைப் பாருங்கள். அங்கே ‘லிப்ரேஆபிஸ் டாட் ஓஆர்ஜி’ என்று முடிய வேண்டும். நடுவில் அந்தப் பெயர் வந்து, முடிவில் வேறு பெயர் இருந்தால் அது வேறு ஆளுடைய தளம்.

பக்கத்தில் மூன்று நான்கு பச்சைப் பொத்தான்கள் இருந்தால் அழுத்தாமல் மவுஸை மேலே வையுங்கள். போகும் முகவரி திரையின் கீழ் இடது மூலையில் தெரியும். பொத்தானின் ஓரத்தில் சின்ன ‘எக்ஸ்’ குறி இருந்தால் அது விளம்பரம்.

இறங்கிய கோப்பின் அளவையும் பாருங்கள். விண்டோஸுக்கான லிப்ரேஆபிஸ் சில நூறு எம்பி இருக்கும். 2 எம்பிதான் வந்தது என்றால், அது வேறு எதையோ இழுத்து வரும் கோப்பு. ஆனால் அளவை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருளின் அசல் கோப்பே அவ்வளவு சிறியதுதான்.

நிறுவும்போது ‘எக்ஸ்பிரஸ்’, ‘ரெக்கமெண்டட்’ இரண்டையும் விட்டு ‘கஸ்டம்’ எடுங்கள். முன்கூட்டியே டிக் போட்ட கூடுதல் மென்பொருள்கள் அங்கேதான் தெரியும். நடுவில் வரும் ‘டிக்லைன்’ பொத்தானை மங்கலாக வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால் நிறுவுதலே நின்றுவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கூடுதல் மென்பொருள் மட்டும்தான் விலகும்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால், செட்டிங்ஸ் போய் ஆப்ஸில் தேதி வாரியாக அடுக்கி, அதே நாளில் வந்த தெரியாதவற்றை நீக்குங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது. யூபிஐ செயலியில் ஆட்டோபேயைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறைகளின்படி, விளம்பரத்துக்குப் பதிலளிப்பது, பொருளைக் கொண்டுசேர்ப்பது போன்ற தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு பணம் வாங்கினால் அதை ‘இலவசம்’ என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்ன விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மோசடியில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.