மலேசியாவின் குவாலா குபு பாரு ஆற்றுக்குப் போகிறவர்களுக்கு

தலைக்கு மேலே வெயில் அடித்தாலும் பிரேசர் மலைப் பக்கம் மழை பெய்தால் ஆறு திடீரென்று பொங்கி வரும். இதைத்தான் மலாயில் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். மலைமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். ஆகவே காலையிலேயே இறங்கி, 1 மணிக்குள் கரையேறிவிடுங்கள்.

இறங்கியதும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். தண்ணீர் குச்சியைத் தாண்டினாலோ, தெளிந்த நீர் தேநீர் நிறமாகி இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள். நிற்கும் பக்கத்துக் கரையிலேயே மேடேறுங்கள். மறுகரையில் கார் நிற்கிறதே என்று கடக்கப் போவதில்தான் உயிர் போகிறது. தண்ணீர் வடியும்வரை காத்திருங்கள்.

சாதாரண நாளிலும் முழங்காலுக்கு மேல் இழுப்பு இருந்தால் கடக்க வேண்டாம். கடக்கும்போது நீர் வரும் திசையைப் பார்த்து, கம்பை ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். பையின் இடுப்புவாரைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை ஆளைக் கீழே இழுக்கும். ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) பாசிக்கல்லில் நிற்காது, ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள் போடும் ரப்பர் சப்பாத்துதான் சரி.

அட்டை கடித்தால் நெருப்பு வைக்காமல், மெல்லிய முனையை நகத்தால் தள்ளி எடுங்கள்.

திரும்பும் வழியில் அம்பாங் பெச்சா என்ற ஊரைப் பாருங்கள். 1883-இல் அணை உடைந்து பழைய ஊரை வெள்ளம் கொண்டுபோனது இங்கேதான்.