ஊருக்குக் கிளம்பும் முன் வண்டியோடு அரை மணி நேரம்

ஆயுத பூஜைக்கு வண்டியைத் தேய்த்துக் கழுவுகிறோம், பொட்டு வைக்கிறோம், நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம், ஆனால் பானட்டைத் திறந்து பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். கார் வாங்கி ஒன்றரை வருடம் வரை பானட் லீவர் எந்தப் பக்கம் என்றே தெரியாது. சர்வீஸுக்கு விட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். ஒரு பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலி போகும்போது உளுந்தூர்பேட்டை தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருக்கிறதே என்ற தைரியத்தில் டிக்கியில் இருந்த பைகளையெல்லாம் ரோட்டோரம் இறக்கி, அடியில் கிடந்ததை வெளியே எடுத்தால் அது பஞ்சரான டயரைவிட மெத்தென்று இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு யாரும் காற்றே பிடிக்கவில்லை. அம்மா குடையை விரித்துக்கொண்டு புளியமர நிழலில் உட்கார, நான் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போனேன்.

அதற்கப்புறம் பழகியதுதான் இது. கியர் போட்டு ஓட்டும் சாதாரண பெட்ரோல் காரை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு மாதிரி போட்டிருந்தால் மேனுவல் சொல்வதே சரி.

எப்போது பார்ப்பது? கிளம்புகிற அன்று இல்லை, அதற்கு முந்தின நாள் காலையில். கிளம்பும் நேரத்தில் ஒரு கோளாறு கண்ணில் பட்டாலும், பிள்ளைகள் ஏறி உட்கார்ந்த பிறகு "போய்ட்டு வந்து பாத்துக்கலாம்" என்றுதான் மனசு சொல்லும். முந்தின நாள் என்றால் கடைக்குப் போக ஒரு பகல் முழுக்க இருக்கிறது. வண்டி இரவெல்லாம் நின்று எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும்.

முதலில் காற்று

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு வந்து மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, முழு பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று அதிலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலான சின்னக் கார்களுக்கு 30 முதல் 36 பிஎஸ்ஐக்குள் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரும். அஞ்சு பேரும் பெட்டியுமாகப் போகிறீர்கள் என்றால் முழு பாரக் கணக்கைப் பார்த்துப் பிடியுங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் பெரிய எண்ணைப் பார்த்துப் பிடிக்கச் சொல்பவர்கள் உண்டு, அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு இல்லை.

வீட்டுப் பக்கத்தில், ரெண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் பங்கில் பிடித்துவிடுங்கள். ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓடிய டயரில் சூட்டினால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து பயந்து காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் அளவுக்குக் கீழே போய்விடும். "வெயில் காலம், கொஞ்சம் கம்மியாவே வைங்க, இல்லைன்னா வெடிச்சிரும்" என்று ஒரு அறிவுரை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. விஷயம் நேர் எதிர். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிர்கிறது, அந்த மடங்கலில்தான் சூடு ஏறுகிறது, ஏப்ரல் மாதத் தார்ச்சாலையில் வேகமாகப் போகும்போது வெடிப்பதும் பெரும்பாலும் அந்த டயர்தான். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பார்கள். சும்மா கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

ஸ்டெப்னிக்கும் பிடியுங்கள். டிக்கியில் பெட்டி அடுக்குவதற்கு முன்னால் பிடியுங்கள். என் கதை தெரியுமே.

பங்கில் நிற்கும்போதே டயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓடும் பகுதியின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்றியே ஆக வேண்டும். நான் அதுவரை காத்திருப்பதில்லை, மழையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளம்தான். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அதிகம் ஓடாத வண்டியில் டயர் பார்க்கப் புதுசு போலவே இருக்கும், ஆனால் ஆறு வருடம் தாண்டியிருந்தால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டில் எங்காவது கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தால் அந்த டயரோடு ஊருக்குப் போகாதீர்கள்.

பானட்டைத் திறந்து

லீவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். இழுத்தால் பானட் ஒரு விரல் அளவுக்குத் தூக்கும், அந்த இடுக்கில் கைவிட்டு இன்னொரு கொக்கியைத் தள்ள வேண்டும். முதல் முறை அந்தக் கொக்கி கையில் சிக்காமல் எல்லோரும் திண்டாடுவோம்.

எஞ்சின் ஆயில்: மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் வளையம் உள்ள குச்சியை உருவி, துணியால் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு மறுபடி உருவுங்கள். முதல் தடவை உருவியதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ரெண்டு குறிக்கு நடுவில் எண்ணெய் நின்றால் போதும். கீழ்க் குறிக்கும் குறைவு என்றால் மேனுவலில் சொன்ன அதே கிரேடை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்து பாருங்கள். மேல் குறியைத் தாண்டினாலும் கெடுதல்தான். கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஓடிய எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

கூலன்ட்: எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், வெளியிலிருந்தே மட்டம் தெரியும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். குறைந்திருந்தால் அதே வகைக் கூலன்டை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றினால், நம் ஊர் உப்புத் தண்ணீர் குடத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு ரேடியேட்டருக்குள்ளும் வரும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் திறந்த நொடியில் முகத்தில் பாயும்.

பிரேக் ஆயில்: இதுவும் ஒரு சின்ன டப்பா. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மட்டம் இறங்கினால் உடனே ஊற்றி நிரப்பிவிடக் கூடாது. பிரேக் பேட் (பிரேக் அடிக்கும்போது சக்கரத்தின் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) தேயத் தேய மட்டம் தானாக இறங்கும், இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. ரெண்டுமே மெக்கானிக் பார்க்க வேண்டியவை. நிரப்பிவிட்டால் வண்டி ஏதோ சொல்ல வரும்போதே அதன் வாயை மூடிவிட்டோம் என்று அர்த்தம். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது, ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும், அதனால்தான் ரெண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். மலைக்குப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேட்டரி முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வெந்நீரும் பழைய பல் துலக்கியும் போதும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். வைப்பருக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். மூடியதும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், பூட்டாத பானட் ஹைவேயில் கண்ணாடி மேல் வந்து அறையும்.

சாவியைப் போட்டு ஒரு நிமிடம்

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு முறை எரியும். எரியாத விளக்கு இருந்தால் அதைக் கவனியுங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் ஏர்பேக் விளக்கைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டார்ட் செய்து சில நொடியில் எல்லாம் அணைந்துவிட வேண்டும் (ஹேண்ட் பிரேக் விளக்கு, அதை இறக்கும்வரை எரியும்). வழியில் மஞ்சள் விளக்கு வந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டலாம். சிவப்பு வந்தால், அதிலும் எண்ணெய்க் குவளை படமோ வெப்பமானி படமோ வந்தால், ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த ஊர்வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தவர்கள் எஞ்சினுக்குச் செலவழித்த தொகையைக் கேட்டால் அப்படி ஓட்ட உங்களுக்கு மனசு வராது.

ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எரிகிறதா என்று வீட்டில் யாரையாவது முன்னாலும் பின்னாலும் நிற்கவைத்துப் பாருங்கள்.

ஆட்களும் மூட்டையும்

பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும், சட்டமும் அதுதான். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைத்திருக்க வேண்டும். முன் சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது நம் வீடுகளில் சகஜம், ஆனால் ஏர்பேக் விரியும் வேகத்துக்கு முன்னால் முதலில் இருப்பது அந்தக் குழந்தைதான்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். டாஷ்போர்டில் இடது பக்கம் பிள்ளையார் ஒட்டியிருக்கிறீர்களா? பெரும்பாலான வண்டிகளில் பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் விரிவது அந்த இடத்தில்தான். விரிந்தால் பிள்ளையார் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கே வருவார். நடுவில் சின்னதாக, உறுதியாக ஒட்டிவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கனமான பெட்டி டிக்கியின் அடியில், பின் சீட்டை ஒட்டி. பின் கண்ணாடியை ஒட்டிய பலகையில் தண்ணீர்க் கேன், டிபன் கேரியர் எதுவும் வேண்டாம், திடீரென்று பிரேக் அடித்தால் தலைக்குத்தான் வரும்.

வழியில் டயர் மாற்ற வேண்டி வந்தால்

வீட்டு வாசலில் ஒரு முறை செய்து பழகுங்கள். வெயிலில், லாரி பக்கத்தில் பறக்கும்போது கற்றுக்கொள்வது கொடுமை.

1. சாலையை விட்டு முழுக்க இறங்கி, கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். நாலு இண்டிகேட்டரும் எரியட்டும். முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். எல்லோரும் இறங்கி ரோட்டை விட்டு விலகி நிற்கட்டும்.

2. ஹேண்ட் பிரேக், முதல் கியர். பஞ்சரான சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்.

3. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு திருகினால் சக்கரம்தான் சுற்றும்.

4. ஜாக்கியை மேனுவலில் காட்டிய இடத்தில் மட்டும் கொடுங்கள். ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல் நிற்கும். கையோ காலோ அடியில் போகக் கூடாது.

5. டயரை மாற்றி, நட்டுகளைக் கையால் திருகி, வண்டியை இறக்கிய பின் எதிரெதிராக இறுக்குங்கள், வட்டமாக வரிசையில் வேண்டாம். ஐம்பது கிலோமீட்டர் போன பிறகு ஒரு முறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஸ்டெப்னி மற்ற டயரைவிட ஒல்லியாக இருந்தால் அதிலேயே வேக வரம்பு போட்டிருக்கும், பெரும்பாலும் 80. தேசிய நெடுஞ்சாலையில் முடியாமல் நின்றுவிட்டால் 1033-க்குக் கூப்பிடலாம், யாருக்காவது அடிபட்டால் 108.

மலை இறங்கும்போது

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது எஞ்சினுக்குச் சோதனை, இறங்குவது பிரேக்குக்கு. எந்த கியரில் ஏறினீர்களோ கிட்டத்தட்ட அதே கியரில் இறங்குங்கள், ரெண்டாவதோ தேவைப்பட்டால் முதலாவதோ, எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும். கால் பிரேக்கிலேயே படுத்திருந்தால் பேட் சூடாகி, ஆயில் கொதித்து, ஒரு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். இன்றைய இன்ஜெக்டர் வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தானாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் சும்மா ஓடுவதற்காகச் செலவாகிறது. சாவியை அணைத்து உருட்டுபவர்களுக்கு பிரேக் கல்லாகும், பவர் ஸ்டீயரிங்கும் போகும்.

தேங்கிய தண்ணீர்

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்கள். சிலர் சிரித்தார்கள், எனக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது. தேங்கிய தண்ணீரில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். வண்டி நடுவில் நின்றுவிட்டாலோ, நிறுத்திய இடத்தில் மூழ்கியிருந்தாலோ, தண்ணீர் வடிந்த பிறகும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த ராடு உள்ளே வளைந்துவிடும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கட்டி இழுக்கும் வண்டியைக் கூப்பிடுங்கள். எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்புச் சேர்க்காத சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது, அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பி வந்ததும்

டயரில் கல், ஆணி குத்தியிருக்கிறதா என்று ஒரு சுற்று. பிள்ளைகள் சீட்டுக்கடியில் விட்ட முறுக்கையும் கடலையையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள், எலி வருவது அதற்குத்தான், வந்தது எஞ்சின் வயரையும் கடித்துவிட்டுப் போகும். புகையிலைத் துண்டை பானட்டுக்குள் கட்டித் தொங்கவிடச் சொல்வார்கள். நானும் கட்டினேன், ஏசி போட்டால் ஒரு மாதம் பெட்டிக்கடை வாசம். இப்போது அதை எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறையாவது வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டுகிறேன், ஓட்டுவதற்கு முன் பானட்டைத் திறந்து வயர் எங்காவது கடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.